கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளையோடு பார்த்த கணக்கு

வேத பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



பணத்தைப்பற்றியும் வேலையைப்பற்றியும் பெற்றோர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லவேண்டும் என்று வாலிபர் கூட்டத்தில் ஒரு பாடம் எடுக்கும்படி நமது பாஸ்டர் ஐயா என்னிடம் கேட்டார்கள். எடுத்தேன். அதை எழுதிக் கொடுங்கள் என்று சில தாய்மார் கேட்டதால் எழுதுகிறேன். நான் ஊழியக்காரன் அல்ல. 21 வருஷமாக அரசுப் பேருந்தில் கண்டக்டர். தினமும் பிறத்தியார் பணம் ஆயிரக்கணக்கில் என் பையில் ஏறி இறங்குகிறது. ஆகையால் எனக்குப் பணக் காரியம் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் போலும். உண்மையில் இந்தப் பாடத்தை நான் என் மகனிடம் தலைகுனிந்துதான் கற்றேன். அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புத்திமதியாகிவிடும்.

முதலில் வேத பகுதிக்கு வருவோம். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோனார். அவருடைய மனைவி எலிசாவிடம் வந்து அழுகிறாள். கடன் கொடுத்தவன் வந்து நிற்கிறான், இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோகப் பார்க்கிறான் என்கிறாள். இறந்துபோனவர் எப்படிப்பட்டவர்? கர்த்தருக்குப் பயந்து நடந்தவர் என்று அவளே சாட்சி சொல்லுகிறாள், எலிசாவும் அதை மறுக்கவில்லை. இதைக் கவனியுங்கள். தேவபயமுள்ள மனுஷனுக்கும் கடன் இருந்தது. நம்மிடத்தில் ஒரு விசுவாசிக்குக் கடன் என்றால் உடனே, "ஏதோ பாவம் இருக்கும்" என்று காதோடு காது பேசுகிறோம். அப்படிப் பேசுகிறபடியால்தான் கடன்பட்டவன் மறைக்கிறான். மறைக்க மறைக்க வட்டி ஏறுகிறது.

எலிசா அவளிடம் கேட்ட கேள்விகள் இரண்டு. உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்பது ஒன்று, வீட்டில் உன்னிடம் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. அவள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பிறகு ஒரு குடம் எண்ணெய் இருப்பதைச் சொல்லுகிறாள். அதற்குப்பின் அவர் சொன்னதைத்தான் நான் இத்தனை வருஷமும் சரியாக வாசிக்காமல் இருந்தேன். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கு, பிறகு நீயும் உன் பிள்ளைகளும் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்கிறார். நீ மட்டும் போ என்று சொல்லவில்லை. எந்தப் பிள்ளைகளைக் கடனுக்கு இழுத்துக்கொண்டு போக வந்தார்களோ, அதே பிள்ளைகள் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்க, தாய் ஊற்றினாள். இனிப் பாத்திரம் இல்லை என்று அவளுக்குச் சொன்னதும் ஒரு பிள்ளைதான்.

அற்புதம் கர்த்தருடையது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பூட்டின கதவுக்குள் அந்தப் பையன்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடன் எவ்வளவு, வீட்டில் என்ன இருக்கிறது, இன்னும் எத்தனை பாத்திரம் மிச்சம் என்று தெரிந்துதான் வேலை செய்தார்கள். நம்முடைய வீடுகளிலோ கதவைப் பூட்டுகிறோம், பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு!

கல்குவாரியில் என் தாயார்

இந்த வேத பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு என் தாயாரின் ஞாபகம் வரும். நாங்கள் அன்னவாசல் பக்கத்தார். குடுமியான்மலை, நார்த்தாமலை, கீரனூர் என்று அந்தச் சுற்றுவட்டாரமெல்லாம் பாறைதான். மழை பொய்த்தால் வயலில் வேலை இராது, குவாரிக்குத்தான் போகவேண்டும். என் தகப்பனார் கல் உடைத்தார். வீட்டுக் கூரை மாற்ற ஒரு காண்ட்ராக்டரிடம் 3,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். 1989ல் காலமானார். அப்போது எனக்கு 11 வயது, அண்ணனுக்கு 15. காரியம் முடிந்த மறுவாரமே மேஸ்திரி வந்து அண்ணனைக் கேட்டார். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. "ஒங்க அப்பன் வாங்குன பணம் நிக்கிதுல்ல, பெரியவனை அனுப்பு" என்றார், அவ்வளவுதான். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சம்மட்டி தூக்கினான்.

பிரியமானவர்களே, இதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976ல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் ஆயிற்று. முன்பணத்தைக் காட்டி ஒருவனையோ அவன் பிள்ளையையோ வேலைக்குக் கட்டிப்போட்டால் அந்தக் கடனே செல்லாது, அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடமையும் இல்லை. அப்படி வேலை வாங்குகிறவருக்கு 3 வருஷம் வரை சிறை. சட்டம் வந்து 13 வருஷம் கழித்துத்தான் மேஸ்திரி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். டெல்லியில் போட்ட சட்டம் எங்கள் ஊர்ப் பாறைக்கு வந்து சேரவில்லை. (இப்போதும் இப்படிச் சிக்கியிருப்பவர்கள் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ நேரே மனு கொடுக்கலாம். விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள்.)

1991ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அப்போது ஆட்சியர். சாயங்காலம் ஏழு மணிக்குமேல் மரத்தடியிலும் திண்ணையிலும் விளக்கை வைத்துக்கொண்டு பெண்கள் அட்சரம் படித்தார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஆம்பளைகள் சிரித்தார்கள், நானும் ஒளிந்து நின்று சிரித்தவன்தான். 1992ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று புதுக்கோட்டையை அறிவித்தார்கள். அதே காலத்தில் அரசுப் புறம்போக்குக் குவாரிகள் பலவற்றைக் காண்ட்ராக்டருக்கு விடாமல், அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். இதைப்பற்றி வெளியூர்ப் பத்திரிகைக்காரர்களெல்லாம் வந்து எழுதினார்கள்.

என் தாயார் அந்த வகுப்பில் எழுத்தைவிட எண்ணைத்தான் ஆசையாகப் படித்தார்கள். முன்னெல்லாம் லோடு ஏறும்போது வீட்டுச் சுவரில் கரிக்கோடு போடுவார்கள். மழைச்சாரல் அடித்தால் பாதிக் கோடு அழிந்துபோகும். எண் வந்தபிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் கழித்து மேஸ்திரியின் நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். அம்மா கணக்கில் 41 லோடு. அவர் கணக்கில் 33. அண்ணன் இரண்டு வருஷம் வேலை செய்ததற்கு அட்வான்ஸில் ஒரு ரூபாய்கூடக் கழிக்கப்படவில்லை, 3,000 அப்படியே நின்றது.

அன்று ராத்திரி அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். சிம்னி விளக்கைக் கீழே வைத்து எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தார்கள். அப்பா எவ்வளவு வாங்கினார், எதற்கு வாங்கினார், கடையில் எவ்வளவு பாக்கி, தோடு எங்கே இருக்கிறது, எல்லாம் சொன்னார்கள். எனக்கு 13 வயது. பயமாக இருந்தது. ஆனாலும் அதற்குமுன் இருந்த பயம் வேறு, அன்றைக்கு வந்த பயம் வேறு. அதற்குமுன் கடன் என்றால் இருட்டில் நிற்கிற ஏதோ ஒன்று. அன்றிலிருந்து அது 3,000 என்ற ஒரு எண்.

அம்மா சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது: "தம்பி, வேலை செஞ்சுட்டுக் கூலி வாங்குறவன் ஒருத்தன். கூலிய வாங்கிட்டு வேலை செய்யிறவன் ஒருத்தன். பின்னால சொன்னவன் நிமிந்து ஒரு வார்த்தை பேசமுடியாது. நீங்க ரெண்டு பேரும் மொத ஆளா இருக்கணும்."

அடுத்த தடவை மேஸ்திரி வந்தபோது அம்மா தன் நோட்டை நீட்டினார்கள். விட்டுப்போன லோடுகளின் கூலியைக் கூட்டி, அதில் 3,000ஐக் கழித்து, மீதி அவர்தான் தரவேண்டும் என்று வகுப்புச் சொல்லிக்கொடுத்த பெண்ணை வைத்து எழுதியிருந்தார்கள். அவர் நோட்டைப் புரட்டினார். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மீதி வரவில்லை, அண்ணன் வந்தான். அம்மா ஒரு பெண்கள் குழுவோடு சேர்ந்தார்கள். எங்கள் ஊர்க் குழுவுக்கு அந்தக் குத்தகை ரொம்ப நாள் நீடிக்கவில்லை, அது வேறு கதை. இருந்த வருஷங்களில்தான் நான் பத்தாவது முடித்தேன்.

இத்தனைக்கும் அம்மா அப்போது சபைக்கு வரவில்லை. 1994ல்தான் ஞானஸ்நானம் எடுத்தார்கள். எலிசா யாரென்று தெரியாமலே எலிசா சொன்னபடி செய்திருக்கிறார்கள். எல்லாம் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று இனிச் சொல்லுகிறேன்.

நான் மறைத்தது

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. என்னோடு வேலைபார்த்த ஒரு சிநேகிதருக்கு ஆலங்குடிக்குக் கிழக்கே தோப்பு. மறுபடி நடுவதற்குக் கடன் வாங்கினார். 2019 பிப்ரவரியில் நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் கேட்கவில்லை. ஜெபித்தேனா என்றால், கையெழுத்துப் போட்டபிறகு ஜெபித்தேன். 2022ல் அவருக்கு உடம்பு முடியாமல் போய் வேலையை விட்டார், தவணை நின்றது. மாதம் 5,000 ரூபாய் என் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

என் மனைவிக்குப் பாதிதான் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. "சின்னப் பிள்ளைங்க, அதுங்க மனசு ஏன் கஷ்டப்படணும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, வெட்கம். மகன் வண்டி கேட்டான், இல்லை என்றேன். மகள் ஸ்பெஷல் கிளாஸ் கேட்டாள், அடுத்த மாதம் என்றேன். ஏன் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. காரணம் சொல்லாத வீட்டில் பிள்ளைகள் தாங்களாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, திருச்சி துவாக்குடியில் ஒரு பட்டறையில் 13,000 ரூபாய்ச் சம்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். போன வருஷம் ஒரு நாள் வளைகுடா நாட்டில் வேலை இருக்கிறது, ஏஜெண்டுக்கு 1,50,000 கட்டவேண்டும் என்றான். வழக்கம்போல இல்லை என்றேன். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"எல்லாத்தையும் காணிக்கையா போட்டுருங்க. எங்களுக்கு மட்டும் எப்பவும் இல்லை. நான் வட்டிக்கு வாங்கிக்கிறேன்ப்பா, மூணு வட்டிக்கு ஆள் பேசியாச்சு."

ஆறு மாதமாக அவன் ஆராதனைக்கு வராததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சினிமா, சிநேகிதர்கள், சத்துரு என்று என்னவெல்லாமோ நினைத்து உபவாசம் இருந்தேன். என் பணமெல்லாம் சபைக்குப் போகிறது என்று பிள்ளை நினைத்திருக்கிறான். நான் மறைத்த 5,000 ரூபாய் அவனைக் கர்த்தருடைய சந்நிதிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.

என் தாயார் திண்ணையில் இருந்தார்கள். இப்போது கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். "ஏய்யா, நோட்டு எங்க வச்சிருக்க?" என்றார்கள். எந்த நோட்டு என்று நான் கேட்கவில்லை.

கணக்குப் பார்த்த ராத்திரி

கதவைச் சாத்தினேன். மனைவி, மகன், மகள், அம்மா எல்லாரும் இருந்தார்கள். ஜாமீன் பத்திரத்தின் நகலையும் சம்பளச் சீட்டையும் எடுத்து மகன் கையில் கொடுத்தேன். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "இன்னும் எத்தனை மாசம்ப்பா?" என்றான். "14 மாசம். 70,000" என்றேன். அவன் அழவில்லை. நான்தான் அழுதேன்.

பிறகு அவனுடைய கணக்கைப் போட்டோம். இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன், உங்கள் வீட்டிலும் உதவும்.

மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36. வாயால் "மூணு" என்னும்போது சின்னதாகத் தெரிகிறது, அதுதான் அதன் தந்திரம். 1,50,000க்கு மாதம் 4,500 வட்டி. ஒப்பந்தம் இரண்டு வருஷம், ஆக வட்டி மட்டும் 1,08,000. முதலோடு சேர்த்தால் 2,58,000. அங்கே சம்பளம் 25,000 என்று ஏஜெண்டு சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 24 மாதத்துக்கு 6,00,000. சாப்பாடு, போன், சில்லறைச் செலவு மாதம் 8,000 என்றால் 1,92,000 போகும், மீதி 4,08,000. அதில் 2,58,000ஐக் கழித்தால் 1,50,000. இரண்டு வருஷத்துக்கு அவ்வளவுதான், மாதத்துக்கு 6,250. அதுவும் ஒரு நாளும் காய்ச்சல் வராமல், சம்பளம் ஒரு மாதமும் தள்ளாமல் இருந்தால்.

மகள்தான் கேட்டாள்: "அண்ணே, துவாக்குடியில நீ இப்ப மாசம் எவ்வளவு மிச்சம் வைக்கிற?" அவன் பேசவில்லை. ஐந்தாயிரம் வைத்துக்கொண்டிருந்தான்.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தை அன்று வாசித்தோம். பஞ்ச காலத்தில் ஜனங்கள் நிலத்தை அடகுவைத்து, குமாரரையும் குமாரத்திகளையும் அடிமைப்படுத்தவேண்டியதாயிற்றே என்று கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா பெரிய மனுஷரைக் கூப்பிட்டு, நூற்றுக்கு ஒன்று வீதம் வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறார். அது மாதத்துக்கு நூற்றில் ஒன்று என்று வேதபண்டிதர்கள் பலர் பொருள் சொல்லுகிறார்கள். ஒரு வட்டிக்கே நெகேமியாவுக்கு அவ்வளவு கோபம் வந்தது! நம் சபைகளில் மூன்று வட்டிக்குக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் கைதட்டிப் பாடுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களும் இந்தப் பக்கத்தை வாசிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தண்டல் இதைவிட மோசம். 10,000 என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். நாளைக்கு 100 வீதம் 100 நாள். 1,500தானே என்று தோன்றும். தினமும் திருப்பிக் கட்டுகிறபடியால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது அதில் பாதிதான். வருஷக் கணக்குக்குக் கொண்டுவந்தால் நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். 2003ல் நம் மாநிலத்தில் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. மகளிர் குழுக் கடன் வாங்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்குமேல் எல்லாத் தவணைகளும் சேர்ந்து போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ல் விதி போட்டது. மூன்று கம்பெனியில் வாங்கி ஒன்றை வைத்து ஒன்றைக் கட்டுகிறோமே, அந்த விதி தெரிந்தால் மூன்றாவதை வாங்கமாட்டோம்.

ஏஜெண்டைப்பற்றியும் விசாரித்தோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983ஆம் வருஷச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்கவேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான், அதற்கு ரசீதும் தரவேண்டும். மகன் போன் போட்டுப் பதிவு எண் கேட்டான். "மொதல்ல பணத்தைக் கட்டு தம்பி, எல்லாம் ஆபீஸ்ல தருவாங்க" என்று பதில் வந்தது. அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை. வெளிநாடு போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளைத் தூக்கி நிறுத்தினது வெளிநாட்டுச் சம்பளம். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் என்று ஒன்றைச் சென்னையில் நடத்தி, அதன் மூலமாக ஆட்களை அனுப்புகிறது. மகன் அதில் பெயர் பதிந்திருக்கிறான். கூலியை முன்னாலேயே தின்றுவிட்டுப் போகிற பயணம்தான் வேண்டாம் என்று அவன் அப்பத்தா சொன்னார்கள். அவனும் ஒத்துக்கொண்டான்.

நம் மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்க்காரர்களைப்பற்றி ஒரு விஷயம். ராயவரம், அரிமளம், பொன்னமராவதி பக்கத்திலிருந்து நகரத்தார் பிள்ளைகள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன காலத்தில், பையனை எடுத்த எடுப்பில் முதலாளி நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. பெட்டியடிப் பையன் என்று பணப்பெட்டியின் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கு எழுதப் பழக்கினார்கள். 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவில் எத்தனையோ பேர் சொத்தை விட்டு ஓடிவந்தார்கள். கடை போயிற்று, கணக்குத் தெரிந்த கை கூடவே வந்தது. நாம் ஏன் பிள்ளையைப் பெட்டிக்குப் பக்கத்தில் விடுவதில்லை?

என் பையைப்பற்றியும் மகனுக்கு அன்று சொன்னேன். டூட்டி ஏறும்போது என் சொந்தப் பணம் எவ்வளவு என்று எழுதிவிட்டுத்தான் ஏறவேண்டும். நடுவழியில் செக்கிங் வந்தால் டிக்கெட் விற்ற பணமும் எழுதின சொந்தப் பணமும் ஒட்டி நிற்கவேண்டும். கூடினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். "21 வருஷம் பையில இதைச் செஞ்சீங்க, வீட்டுல ஏம்ப்பா செய்யல?" என்றான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எலிசா கடைசியில் அந்தத் தாயிடம் என்ன சொன்னார்? எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர், மீதியைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் ஜீவனம் பண்ணுங்கள் என்றார். வரிசையைப் பாருங்கள். இன்னொன்றையும் பாருங்கள். அத்தனை குடம் எண்ணெயில் தமக்கென்று ஒரு குடம் அவர் கேட்கவில்லை. காணிக்கை வேண்டாம் என்று நான் உபதேசிக்கவில்லை, தசமபாகம் கொடுக்கிறவன்தான் நானும். கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் முதல் குடம் அவனுக்குப் போகவேண்டும் என்று தீர்க்கதரிசியே சொல்லியிருக்கிறார். பாஸ்டர் ஐயாவிடம் இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க பிரதர், கட்டாயம் எழுதுங்க" என்றார்கள்.

சிநேகிதர் வீட்டுக்குப் போனது

நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தில் தகப்பன் மகனுக்குச் சொல்லும் புத்தியில், எறும்பைப்பற்றிச் சொல்வதற்குமுன் ஜாமீனைப்பற்றிச் சொல்லுகிறார். வாலிபர்களுக்கு எறும்பை மட்டும் போதிக்கிறோம், சுறுசுறுப்பாக உழை என்கிறோம். முதல் ஐந்து வசனங்களை விட்டுவிடுகிறோம். பிறனுக்காகப் பிணைப்பட்டு உன் வாய்ச்சொல்லிலே சிக்கிக்கொண்டாயானால் தூங்காதே, உன்னைத் தாழ்த்திக்கொண்டு அந்தச் சிநேகிதனிடமே போய் வருந்திக் கேள் என்பது அங்கே உள்ள கருத்து. வேட்டைக்காரன் கைக்குத் தப்புகிற மானைப்போலத் தப்பவேண்டுமாம். நான் மூன்று வருஷமாக மானைப்போல ஓடினேன், ஆனால் சிநேகிதரைக் கண்டு! அவர் வீட்டு வழி பஸ்ஸில் டூட்டி விழுந்தால் மாற்றிக்கொள்வேன். அவர் என்னைப் பார்த்தால் சங்கடப்படுவார் என்று சொல்லிக்கொண்டேன்.

இதை வாசித்து முடித்ததும் மகன், "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போவோம்ப்பா. நானும் வர்றேன்" என்றான்.

போனோம். சிநேகிதர் மெலிந்துபோயிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து சட்டையைத் தேடினார். அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்தேன். மகன் பணத்தைப்பற்றிக் கேட்கவில்லை. "மாமா, புயலுக்கப்புறம் வச்ச கன்னு காய்க்க ஆரம்பிச்சிருச்சா?" என்றான். அவர் முகம் மாறியது. வாங்க என்று தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போனார். வைத்த கன்றில் பாதி பட்டுப்போயிருந்தது, மீதி காய்த்திருந்தது. முதல் வெட்டு மருந்துச் செலவுக்குப் போயிற்றாம். நடக்க நடக்க அவரே பேச ஆரம்பித்தார். தன் பிள்ளைகளுக்கும் இந்தக் கடன் தெரியாது என்றார். என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து டெப்போ பக்கமே வரவில்லை என்றார்.

மகன் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அவரோடு கணக்குப் போட்டான். ஒரு வெட்டுக்கு எத்தனை காய், என்ன விலை, மருந்துக்கு எவ்வளவு. மாதம் 5,000 அவரால் முடியாது, 1,000 முடியும் என்று வந்தது. மகன் என்னைப் பார்த்தான், நான் சரி என்றேன். புறப்படும்போது அவர் உள்ளே போய் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்காமல் மகன் கையில் கொடுத்தார். மடியில் நாலு தேங்காயும் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும்போது மணி பத்து. அம்மா தூங்காமல் இருந்தார்கள். மகன் நோட்டை எடுத்து வரவுப் பக்கத்தில் தேதி போட்டு 1,000 என்று எழுதினான். அப்பத்தாவுக்குக் கேட்கும்படி சத்தமாக ஒரு தரம் வாசித்தான். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினான். கீழே கையெழுத்துப் போட்டேன்.